ஆரணியில் பறக்கும் டாக்சி இறங்க வந்த காலை

ஆரணிக்குப் பறக்கும் டாக்சி விடப்போகிறார்களாமே, உண்மையா என்று இந்த வலைப்பதிவை வாசிக்கும் சிலர் கேட்டிருந்தார்கள். ஒரு தனியார் நிறுவனம் தன்னுடைய மின்சார விமானத்தைப் படவேட்டிலிருந்து ஆரணிக்கு ஓட்டிக் காட்டப்போவதாகத் தகவல் வந்ததும், நேரில் பார்த்துவிட்டே எழுதலாம் என்று தை மாத நடுவில் கிளம்பினேன். ஓடுபாதை இல்லாமல், நின்ற இடத்திலிருந்து மேலே எழும்பி, அதேபோல நேராகக் கீழே இறங்கும் வகை அது. பஸ்ஸில் போகிற நம்மைப் போன்றவர்களுக்கு அது தினசரி உதவுமா என்பதுதான் நான் தெரிந்துகொள்ள நினைத்தது.

முந்தின நாளே வேலூரிலிருந்து பஸ்ஸில் ஆரணி வந்துவிட்டேன். நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எண்ணூறு ரூபாய்க்கு அறை கிடைத்தது. விமானம் கிளம்பும் இடத்தையும் பார்க்கலாம் என்று மதியம் படவேடு போனேன். சாலை வழியில் முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஏறி உட்கார்ந்துவிட்டால் ஒரு மணி நேரம்தான். ஆனால் பஸ்ஸுக்காக நின்றது ஒன்றரை மணி நேரம். இதே பயணத்துக்கு விமானம் எடுத்துக்கொள்வது பன்னிரண்டு நிமிடம் என்கிறது நிறுவனம். நின்று கால் கடுத்த நிலையில் எனக்கும் அந்தக் கணக்கு பிடித்துத்தான் இருந்தது.

பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருந்த பெண் படவேட்டில் வாழை போட்டிருப்பவர். விமானம் வரப்போவதைச் சொன்னேன். "ராத்திரில புள்ள வலி எடுத்தா வருங்களா?" என்று கேட்டார். இப்போதைக்குப் பகலில் மட்டும், அதுவும் வானம் தெளிவாக இருந்தால் மட்டும் என்றேன். "அப்ப வலிய பகல்ல வரச் சொல்லணும்" என்று சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, விமானம் இறங்க வேண்டிய மைதானத்தில் இருந்தேன். நடுவில் சுண்ணாம்பால் பெரிய வட்டம் போட்டிருந்தார்கள். ஓரத்தில் ஷாமியானா, விருந்தினர்களுக்கு நாற்காலிகள், ஒலிபெருக்கி. இறங்குவதைக் கவனிக்கும் பொறுப்பு கௌதம் என்ற பொறியாளருடையது. முப்பது வயதுக்குள் இருக்கும். மடிக்கணினியை மேசைமேல் வைத்துக்கொண்டு நின்றபடியே வேலை செய்தார். விமானத்தில் ஆள் கிடையாது, இரண்டு பேர் எடைக்கு மணல் மூட்டைதான் என்று விளக்கினார். டிக்கெட் விலை கேட்டேன். இன்னும் முடிவாகவில்லையாம்.

ஆறரைக்கு இறங்க வேண்டியது இறங்கவில்லை. படவேடு இருக்கும் ஜவ்வாது மலையடிவாரத்தில் மூடுபனி. ஏழு மணி ஆனது. ஏழேகாலும் ஆனது. விருந்தினர்களுக்கு இரண்டாவது முறை காபி வந்தது. நான் டீ குடிக்க மைதானத்தின் பின்பக்கத் தெருவுக்குப் போனேன்.

அந்தத் தெருவில் பாவு போட்டிருந்தார்கள். ஆரணிக்குப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று புடவைக்கு வேண்டிய நெடுக்கு நூலை அறுபதடி நீளத்துக்குத் தெருவில் இழுத்துக் கட்டி, இழை பிரித்து, அறுந்ததை முடிந்து, அரிசிக் கஞ்சி தடவிக் காயவிடுவார்கள். அதுவரை தெருவில் வண்டி போகாது. பாவுக்குச் சொந்தக்காரர்கள் மூர்த்தியும் அவர் மனைவி செல்வியும். இதுவரை முதலாளி கொடுத்த பட்டில் நெய்தவர்கள், முதல் முறையாகச் சொந்தமாகப் பட்டு வாங்கிப் போட்ட பாவு இது. டீக்கடைக்காரர்தான் சொன்னார். கஞ்சி அப்போதுதான் தடவி முடித்திருந்தார்கள். இளம் மஞ்சள் நூல் ஈரத்தில் மின்னியது.

மைதானத்தின் சுற்றுச்சுவர் இடுப்பளவு உயரம்தான். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்பதடியில் சுண்ணாம்பு வட்டம் தெரிந்தது. விமானம் இன்னும் வரவில்லையே, தெரியுமா என்று மூர்த்தியிடம் கேட்டேன்.

"ஆறரைக்கு வந்துட்டுப் போய்டும்னாங்க சார். ஏழு வரைக்கும் பார்த்துகினு இருந்தோம். சத்தமே காணோம். கேன்சல்னு நெனச்சுதான் கட்டினோம்."

அவர் சொல்லி முடிக்கும் முன்பே ஒலிபெருக்கி பேசியது. விமானம் படவேட்டிலிருந்து புறப்பட்டுவிட்டது, இன்னும் சற்று நேரத்தில் இறங்கும்.

செல்வி கையிலிருந்த கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். சுருட்டிவிட முடியாதா என்றேன். "ஈரத்துல சுருட்டினா நூலெல்லாம் ஒண்ணா ஒட்டிக்கும் சார். பிரிக்கவே முடியாது. காய்றதுக்கு முக்கா மணி நேரம் ஆவும்." சுருட்டாமல் விட்டால், இறங்கும்போது கிளம்பும் காற்றில் மைதானத்துச் செம்மண் முழுதும் ஈர நூலில் வந்து ஒட்டும், இழைகளும் அறும். நானும் மூர்த்தியின் தம்பி ரவியும் சுவரைத் தாண்டி ஓடினோம்.

கௌதம் முதலில் நான் சொன்னதை நம்பவில்லை. சுவரோரம் வந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. திருப்பி அனுப்ப முடியுமா என்று கேட்டேன். கிளம்பி மூன்று நிமிடம் தாண்டிவிட்டது, அதற்குள் படவேட்டில் மறுபடியும் பனி மூடிவிட்டது, அங்கே இறக்க முடியாது என்றார். காய்கிறவரை மேலேயே நிறுத்தி வைக்கலாமா? "நிக்கறதுதான் சார் பேட்டரிய அதிகமா தின்னும். ரெண்டு நிமிஷம் தாங்கும். அதுக்கு மேல நான் கேரண்டி கிடையாது."

மாற்று இடம் ஒன்று இருந்தது. நான்கு கிலோமீட்டர் தள்ளி சேவூரில், அறுப்பு முடிந்த நெல்வயல். அங்கே காவலுக்கு இரண்டு பேரை நிறுத்தியிருந்தார்கள். விருந்தினர் கூட்டம் அதிகமானதால் அவர்களை இங்கே கூப்பிட்டுக்கொண்டார்கள். அந்த நிமிடம் வயலில் யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆள் நிற்கும் வயலில் அந்த எடையை இறக்க முடியாது.

"அந்த வயல் எனக்குத் தெரியும். ஜல்தியா போய்டலாம்" என்று ரவி பைக்கை எடுத்தார். நிறுவனத்தின் காவலாளி ஒருவர் பின்னால் ஏறிக்கொண்டார். விமானம் ஊர் எல்லைக்கு வந்ததும் எந்த இடத்தில் இறங்குவது என்று அதற்குச் சொல்லியாக வேண்டும். அதற்குள் வயல் காலி என்று போன் வர வேண்டும். கௌதமின் மேலதிகாரி ஷாமியானாவிலிருந்து வந்து, அழைத்து வந்தவர்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கும்போது சேவூரில் இறக்குவதா என்று தணிந்த குரலில் கேட்டார். கௌதம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போன் வரட்டும் சார்" என்று மட்டும் சொன்னார்.

சுவருக்கு அந்தப் பக்கம் தெருவே வெளியே வந்திருந்தது. போர்வை, தார்ப்பாய், கோணிப்பை, கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மைதானத்துப் பக்கமாக வரிசையாக நின்று உயர்த்திப் பிடித்தார்கள். பாவில் துணி பட்டாலும் கெட்டுவிடும் என்பதால் இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லிச் செல்வி கத்திக்கொண்டிருந்தார். ஒரு பெரியவர் வேட்டியையே அவிழ்க்கப் போக, "மாமா, அது வேணாம், பாவு பயந்துடும்" என்று யாரோ சொன்னார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

முதலில் சத்தம் வந்தது. நான் ஹெலிகாப்டர் சத்தத்தை எதிர்பார்த்திருந்தேன். அந்த அளவு இல்லை, பெரிய அரவை மில் தூரத்தில் ஓடுவது மாதிரி இருந்தது. பிறகு மேற்கே ஒரு புள்ளி. போன் அடித்தது. ரவிதான். ஸ்பீக்கரில் போட்டார் கௌதம்.

"சார், ஆடு மேஞ்சுகினு இருக்குது. இருபது முப்பது இருக்கும்."

"ஓட்டுங்க."

"ஓட்டிகினுதான் இருக்கறோம்."

புள்ளிக்கு இறக்கை முளைத்தது. விசிறிகள் தனித்தனியாகத் தெரிந்தன. கௌதமின் விரல் விசைப்பலகைமேல் நின்றது. விமானத்தை அங்கேயே நிறுத்திவைத்தார். விமானம் ஊர் எல்லைக்கு மேலே அசையாமல் தொங்கியது. அது அவ்வளவு தூரத்தில் இருக்கும்போதே ஷாமியானாவின் ஓரம் படபடப்பதைப் போலத் தோன்றியது, என் பயம்தானோ என்னவோ. போனில் ஆட்டுக்காரரின் திட்டும், ரவியின் திட்டும், ஆடுகளின் சத்தமும் கலந்து வந்தன. ஒரு நிமிடம். இன்னும் கொஞ்சம்.

"காலி சார். நாங்களும் வரப்புக்கு வந்துட்டோம்."

கௌதம் தட்டினார். விமானம் மூக்கைத் திருப்பிச் சேவூர்ப் பக்கம் போய் மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. இறங்கிவிட்டது என்று ரவி சொன்ன பிறகுதான் அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேலதிகாரி ஒலிபெருக்கியில் சோதனை வெற்றி என்று அறிவித்தார்.

பயணிகள் உண்மையாகவே ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பறந்தது பதினாறு நிமிடம். பனி விலகக் காத்திருந்தது ஒன்றேகால் மணி நேரம். அதற்கு மேல் சேவூர் வயலிலிருந்து ரோட்டுக்கு நடந்து, டவுன் பஸ் பிடித்து ஆரணி வர வேண்டும். விமானத்தையே லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள். படவேட்டு ஆட்களுக்கு இப்போதைக்கு என் சிபாரிசு இன்னும் இரண்டு பஸ். நோயாளியை அவசரமாகக் கொண்டுபோக இந்த வண்டி ஒருநாள் உதவும் என்று நம்புகிறேன். ஆனால் தினமும் வேலைக்குப் போய்வர அது இன்னும் தயாரில்லை.

கௌதம் தெருவுக்கு வந்தபோது பாவு காய்ந்துகொண்டிருந்தது. தெருவைத் தாண்டித்தான் அவர் காருக்குப் போக வேண்டும். பாவு சுருட்டும்வரை நில்லுங்கள் என்றார் மூர்த்தி. நின்றார். போன் திரும்பத் திரும்ப அடித்தது. கடைசியில் அதை அணைத்துவிட்டார்.

"அடுத்த வாட்டி கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணுங்க சார்" என்றார் செல்வி. "பத்து மணிக்கு மேலன்னா போன்கூட வேணாம், தாராளமா வாங்க. தெருவுல ஒண்ணும் இருக்காது."

பத்து மணிக்கு மேல் வெயிலோடு காற்றும் எழும், இறங்கும் கடைசி ஐம்பதடியில் அது ஆபத்து, அதனால்தான் சோதனைகளை விடிந்ததும் வைக்கிறோம் என்றார் கௌதம்.

"நாங்களும் அதுக்குத்தான் சார் காலைல போடறோம்" என்றார் மூர்த்தி.

செல்வி நூலைத் தொட்டுப் பார்த்து, காய்ந்துவிட்டது என்றார். பிறகு பாவைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். ஓரிழையும் அறுந்திருக்கவில்லை.

உங்கள் ஊரிலும் இப்படி ஓர் இடத்தைக் குறித்தால், வேகத்தையும் கட்டணத்தையும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். தாமதமானால் அக்கம்பக்கத்துக்கு யார் தகவல் சொல்வார்கள் என்று கேளுங்கள். எந்த நேரத்தில் வந்து இடத்தை அளந்தார்கள் என்றும் கேளுங்கள். கிளம்பும் முன் நான் கௌதமிடம் கேட்டேன். மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்து அளந்திருக்கிறார்கள். அப்போது அந்தத் தெரு காலியாகத்தான் இருந்திருக்கிறது.