கவசத்தைக் கழற்றிய சவரி

லாரியை வரிசையில் நிறுத்தியதும் சவரி முதலில் செருப்பைக் கழற்றுகிறார். பிறகு சட்டையின் மேல் பொத்தான் இரண்டை. பிறகு சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஸ்டியரிங்கின் குறுக்கே கட்டியிருக்கும் டியூப் ரப்பரில் போனைச் செருகி, இரண்டு கட்டைவிரல்களையும் லுங்கியில் துடைத்துக்கொள்கிறார். முன்னால் பதினாறு வண்டிகள். எல்லாவற்றிலும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி. அரூர் ரோட்டில் இருக்கும் அந்த ஜவ்வரிசி மில்லில், ஒரு வண்டி எடைமேடை ஏறி இறங்குவதற்குள் அடுத்த வண்டி டிரைவர் குளித்து, துணி துவைத்து, அது காய்ந்து, மடித்தும் வைத்துவிடலாம். சவரி அதெல்லாம் செய்வதில்லை. எலும்புக்கூடுகளை அடிக்கிறார்.

வயது முப்பத்தெட்டு. முன்கண்ணாடியில் புனித சவேரியார், கழுத்தில் ஜெபமாலை, காது மடலில் ஒரு பால்பாயின்ட் பேனா. அந்தப் பேனாவால் அவர் எழுதி யாரும் பார்த்ததில்லை. போனின் கண்ணாடி மூலைக்கு மூலை விரிசல் விட்டிருக்கிறது. மாற்றக் கூடாதா என்று கேட்டால், "அது ரோடுங்க. அதத் தாண்டி இந்தப் பக்கம் வந்தாத்தான் அடிப்பேன்" என்கிறார். குறுக்கே வரும் பைக்காரனைத் திட்டும் அதே வாயால்தான் எலும்புக்கூட்டையும் திட்டுகிறார்: "வூட்ல சொல்லிட்டு வந்தியாடா?"

ஆட்டம் இதுதான். ஓர் ஆளை உருவாக்கி, ஆயுதம், உடுப்பு, வித்தை எல்லாம் கொடுத்து, பேய் பிசாசு இருக்கும் ஊர்களுக்கு அனுப்ப வேண்டும். எதை எதோடு சேர்த்து ஆளைக் கட்டுகிறோமோ அதற்குப் பில்டு என்று பெயர். சவரி மூன்று மாதம் பாடுபட்டுக் கட்டிய ஆள் ஒரு சுவர். இரும்புச் சட்டை, கதவு அகலத்துக்குக் கேடயம், கையில் ஒரு சம்மட்டி. நடந்தால் முழு லோடு மேடேறுவது போல இருக்கும். ஆனால் எந்த ராட்சதன் அடித்தாலும் சாய மாட்டான். அவன் முன்னால் நின்று அடி வாங்குவான். அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து முருகேஷின் ஆள் அம்பு விட்டுக் கொல்வான். இப்படித்தான் இருவரும் ஆடினார்கள். அந்த ஆளுக்குக் 'குட்டிச்சுவரு' என்று பெயர் வைத்ததும் முருகேஷ்தான்.

முருகேஷ் சவரியின் வண்டியிலேயே லோடு இறக்குகிறவர். தீர்த்தமலைக்குப் போகிற வழியில் வீடு. தை மாதம் ஒருநாள், இதே மில்லில், லாரியின் பின்கதவு அவருடைய வலது கையின் மேல் விழுந்தது. மணிக்கட்டுக்குக் கீழே இப்போதைக்கு எதுவும் அசைவதில்லை. அசையும் என்கிறார்கள், எப்போது என்று சொல்வதில்லை. அன்று கதவுக் கொக்கியைத் தட்டிவிட்டது சவரி. முருகேஷ் 'தட்டு' என்று சொன்ன பிறகுதான் தட்டினார். இதை முருகேஷ் எல்லோரிடமும் சொல்கிறார். சவரி யாரிடமும் சொல்வதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முருகேஷ் ஒரே ஒரு நாள் ஆட்டத்தைத் திறந்தார். இடது கட்டைவிரல் ஆளை நடத்த வேண்டும், வலது கட்டைவிரல் அடிக்க வேண்டும். நடந்தார், அடிக்க முடியவில்லை. "நீ ஆடிக்கடா. நான் இத அழிச்சிடப் போறேன்" என்று போனைத் தலையணைக்கு அடியில் வைத்தவர், அதற்குப் பிறகு வெளியே எடுக்கவில்லை. டிவி பார்க்கவில்லை, வாசலுக்கு வரவில்லை, பார்க்கப் போன ஆட்களோடும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை.

எடைமேடை ஆபீஸில் கலைமணி என்று ஒரு பெண். பி.எஸ்ஸி. கணக்கு. படிப்பைப் பாதியில் விட்டவள் இல்லை, முழுசாக முடித்தவள்; முடித்தும்தான் இங்கே லாரி நம்பர் எழுதிக்கொண்டிருக்கிறாள். இந்த ஆட்டத்தில் அவள் பெரிய கை. அவளிடம்தான் சவரி போய் நின்றார்.

"கலை, ஒத்தக் கையில ஆடறதுக்கு எதுனா வழி இருக்குதா?"

"பம்பரம் இருக்குதுங்கண்ணா."

பம்பரம் என்பது ஒரு மோதிரம். அதைப் போட்டால் ஆளைச் சுற்றிக் கத்திகள் தாமாகவே சுழலும். அடிக்கும் பொத்தானைத் தொட வேண்டியதே இல்லை. நடந்தால் போதும், பக்கத்தில் வருவதெல்லாம் வெட்டுப்படும். ஆனால் அது 'எலும்புச் சந்தை' என்ற ஒரே இடத்தில்தான் விழும், எப்போதாவதுதான் விழும். ஆட்டத்தின் இந்த சீசன் முடிந்தால் அதுவும் நின்றுவிடும். எடுத்தவர்களிடம் இருப்பது இருக்கும், எடுக்காதவர்களுக்கு இல்லை. சீசன் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது.

"உங்க ஆளு அந்தச் சந்தைய முடிக்க எவ்ளோ நேரமாவுது?"

"பதினொரு நிமிசம்."

"ரெண்டு நிமிசத்துல முடிக்கணும். எந்த வாட்டி உழும்னு யாருக்கும் தெரியாது. வாட்டிய கூட்டறது ஒண்ணுதான் நம்ம கையில இருக்குது. மொதல்ல இரும்புச் சட்டைய கழட்டுங்க."

சவரி போனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"கேடயத்தையும்."

"அம்மணமா ஓடச் சொல்றியா?"

"செருப்பு போட்டுக்கலாம். வேகச் செருப்பு. அண்ணா, அங்க இருக்கறதெல்லாம் சப்பைங்க. கொசு அடிக்கப் போறதுக்குக் கேடயம் தூக்கிட்டுப் போவீங்களா? சம்மட்டியும் வாணாம். அது ஒருத்தன அடிக்கும். மின்னல் எடுங்க. ஒருத்தன் மேல உழுந்தா பத்துப் பேருக்குத் தாவும்."

ஓர் ஆளை ஒரே ஒரு தடவைதான் பிரித்துத் திரும்பக் கட்டலாம். பிரித்துவிட்டால் பழைய சுவர் வராது. சவரி கிழங்கு மூட்டை போல அப்படியே குந்தினார்.

"முருகேசுக்கு ஒத்தக் கையில ஆவுமா? அத மட்டும் சொல்லு."

"நடக்கத் தெரிஞ்சா போதும்ங்கண்ணா."

பிரிக்கும் பொத்தானை அழுத்தினார். இரும்பெல்லாம் உதிர்ந்து, அரை டிராயரும் பெரிய செருப்புமாக ஓர் ஒல்லிப்பயல் நின்றான். சவரி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க மச்சினன் மாதிரியே இருக்கறான். ஒண்ணுக்கும் ஆவ மாட்டான்."

ஆனான். மின்னல் தாவியது, கால் பறந்தது. ஆனாலும் முதல் நாள் ஒரு ஓட்டத்துக்கு ஒன்பது நிமிடம் ஆயிற்று. கலைமணி பின்னால் நின்று பார்த்த பிறகுதான் கோளாறு ஆளில் இல்லை, சவரியில் என்று தெரிந்தது.

கீழே விழுந்தது எதையும் தாண்டிப்போகாத கால்கள் அவருடையவை. குடும்பமே அப்படி. கடலை பிடுங்கி முடித்த கொல்லையில் மறுநாள் மொத்த வீடும் குந்தி உட்கார்ந்து, மண்ணில் தங்கிய கடலையைக் கிளறிக் கிளறி எடுக்கும். திருமணமான மறுவாரமே மனைவி ராஜமேரியை அப்படி உட்காரவைத்தவர் சவரி. "பொண்ணு பாக்க வந்தப்பவே கீழ பாத்துட்டுத்தான் இருந்தாரு. வெக்கம்னு நெனச்சேன்" என்று அந்த அம்மா இன்றைக்கும் சொல்கிறது. மில் வளாகத்தில் எந்த லாரியிலிருந்து கிழங்கு விழுந்தாலும் சவரி குனிந்து எடுத்து, பக்கத்தில் நிற்கும் வண்டியில் போடுவார். யார் வண்டி என்று பார்ப்பதில்லை.

எலும்புச் சந்தையில் செத்தவனெல்லாம் எதையாவது போட்டுவிட்டுச் சாகிறான். துருப்பிடித்த கத்தி. ஓட்டைத் தொப்பி. ஒற்றைச் செருப்பு. வேகமாக ஓடுகிறவர்கள் இதையெல்லாம் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். சவரி ஒவ்வொன்றையும் எடுத்தார். பை நிறைந்ததும் ஊருக்குப் போய்க் கொட்டிவிட்டு, மறுபடி வந்து, விட்ட இடத்திலிருந்து பொறுக்கினார்.

"ஓட்டத் தொப்பிய வெச்சிக்கிட்டு என்னங்கண்ணா பண்ணப் போறீங்க?"

"கெடக்குதில்ல."

"கெடந்துட்டுப் போவட்டும்."

"உட்டுட்டுப் போவ மனசு வரமாட்டேங்குது கலை."

அவள் போனை வாங்கி, உதவாத சாமான்கள் கண்ணுக்கே தெரியாதபடி ஒரு அமைப்பைத் தட்டிவிட்டாள். மறுநாள் சவரி அதை மாற்றிவிட்டார். "தெரியாட்டியும் அங்கதான கெடக்கும்? தெரிஞ்சிட்டாவது கெடக்கட்டும்."

எட்டாவது நாள் காலை பதினொரு மணி. வெயில் கேபினுக்குள் கால் நீட்டிப் படுத்திருந்தது. சந்தையின் கடைசி மூலையில், உடைந்த வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் வெளிச்சம் ஒன்று தூணாக எழும்பியது. பம்பரம். சவரி ஓடிப்போய்த் தொட்டார். பை நிறைந்துவிட்டது என்றது ஆட்டம். பையைத் திறந்தார். எதை எறிவது? கத்தியா, தொப்பியா? விரல் ஒவ்வொன்றின் மேலும் நின்று நின்று நகர்ந்தது. அதற்குள் நாலு எலும்புக்கூடுகள் வந்துவிட்டன. பழைய சுவராக இருந்திருந்தால் அவை நாள் முழுக்க அடித்துக் களைத்துத் தூங்கப் போயிருக்கும். இந்த ஒல்லிப்பயல் இரண்டே அடியில் விழுந்தான். ஆள் செத்தால் சந்தை மூடிவிடும். உள்ளே கிடப்பதும் போய்விடும்.

கலைமணி வந்தபோது சவரி லாரிப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"உழுந்துச்சு" என்றார்.

"எடுத்தீங்களா?"

"ஓட்டத் தொப்பி மூணு வெச்சிருந்தேன்."

யாரைப் பார்த்தாலும் கலாய்க்கிற கலைமணி அன்றைக்கு வந்த வழியே திரும்பினாள். ஆபீஸுக்குப் போய் ஒரு டீயை வாங்கி அனுப்பினாள்.

அதற்குப் பிறகு சவரி ஒரு வழி கண்டுபிடித்தார். சந்தைக்குள் நுழைந்ததும் 'அருள் நிறைந்த மரியே' சொல்லத் தொடங்குவார். வாய் ஜெபத்தில் இருந்தால் விரல் கீழே போகாது என்பது அவர் கணக்கு. ஜெபமாலையின் பத்து மணிக்கான ஜெபம் முடிவதற்குள் சந்தை காலி. இரண்டு நிமிடம், கொஞ்சம் கூடக் குறைய. துருக்கத்தி விழும்போது மட்டும் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்பதில் குரல் ஏறும். எலும்புக்கூட்டை அடித்துக்கொண்டே சொல்லும் ஜெபம் செல்லுமா என்று பங்குச் சாமியாரிடம்தான் கேட்க வேண்டும். சவரி கேட்கவில்லை. இந்த மாதிரி விஷயங்களில் கேட்காமல் இருப்பது நல்லது என்பது அவருக்குத் தெரியும்.

பதினோராவது நாள், சனிக்கிழமை, மஞ்சள் தூண் மறுபடி எழும்பியது. பையில் ஒன்றுமில்லை. எடுத்தார். கத்தவில்லை, குதிக்கவில்லை. மூக்கை மட்டும் சிந்தினார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் முருகேஷ் வீட்டுக்குப் போனார். வாசலில் முருகேஷின் மனைவி சசிகலா, "வாங்கண்ணா. நீங்களாவது நாலு வார்த்த பேசுங்க. போனைச் சார்ஜுலகூடப் போடறதில்ல" என்றார். சவரி தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்துத் தானே சார்ஜில் போட்டார். ஆட்டம் இன்னும் அதில் இருந்தது. அழிக்கவில்லை.

முருகேஷ் கட்டிலில் ஒருக்களித்தபடி பார்த்தார். திரையில் இரண்டு பேருடைய ஆட்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

"எங்கடா என் சுவரு?"

"கழட்டிட்டேன்."

"எதுக்குடா?"

"வெயிலு."

மோதிரம் கைமாறியது. முருகேஷின் ஆளைச் சுற்றிக் கத்திகள் விர்ரென்று கிளம்பின. முருகேஷ் போனை இடது கையில் வாங்கினார். இடது கட்டைவிரலை வைத்து நடந்தார். பத்தடியில் ஒரு மதிலில் முட்டி நின்று அடிபட்டுச் செத்தார். மறுபடி நடந்தார். பள்ளத்தில் விழுந்தார். மூன்றாவது தடவை ஒரு கூட்டத்துக்குள் நேராகப் போய் நின்றுவிட்டார்.

"ஆவாதுடா."

"ஆவும்டா. பழவணும்."

"ரெண்டு கைய வெச்சிக்கிட்டு நீ அத சொல்லாத சவரி."

சவரி சசிகலா கொடுத்த மோரைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "நாளைக்கு லைன்ல நிக்கறப்போ கூப்பிடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

திங்கட்கிழமை வரிசையில் முன்னால் ஒன்பது வண்டிகள்தான். போனின் ஸ்பீக்கரில் முருகேஷ். இருவரும் சந்தைக்குள் போனார்கள். முருகேஷ் செத்தார். உடனே சவரியும் செத்தார். மறுபடி போனார்கள். இந்த முறை சவரி முதலில் செத்தார்.

"என்னடா, நீயும் உழுவற?"

"செருப்பு கடிக்குது."

"ஓ! சட்டைய கழட்டிட்டு வந்தா இப்பிடித்தான்." ஸ்பீக்கரில் ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பு. தை மாதத்துக்குப் பிறகு சவரி கேட்கும் முதல் சிரிப்பு. "மெதுவா வாடா. நான் முன்னாடி நிக்கறேன். என் பின்னாடியே வா, கத்திக்குள்ள இருந்தா உன்ன ஒருத்தனும் தொட மாட்டான்."

"வர்றேன், இரு."

சந்தையில் முருகேஷின் ஆள் தட்டுத்தடுமாறி முன்னால் போக, ஒல்லிப்பயல் அதைவிட மோசமாகத் தடுமாறிப் பின்னால் போனான். இடது கட்டைவிரல் ஒன்றே நடத்தவும் வேண்டும், ஓடிப்போய் மின்னலை அழுத்தவும் வேண்டும். சவரியின் நெற்றியில் வேர்வை.

முன்னால் இருந்த லாரி எடைமேடையை நோக்கி நகர்ந்தது. பின்னாலிருந்தவன் ஹாரனை அழுத்தினான். ஒரு தடவை, இரண்டு தடவை, பிறகு விடாமல். அவனை முந்திப் போகச் சொல்லி ஜன்னலில் கையாட்ட வேண்டும். ஜன்னல் வலப்பக்கம் இருக்கிறது. சவரி தலையை வெளியே நீட்டி, தாடையால் 'போ, போ' என்று காட்டிவிட்டு மறுபடி திரையைப் பார்த்தார். அவருடைய வலது கை தொடைக்கு அடியில், அவரே அதன் மேல் அழுத்தி உட்கார்ந்தபடி, அப்படியே இருந்தது.