பெஞ்சின் இடது ஓரம்

இரண்டாம் வகுப்பு டீச்சரிடம் தினமும் ஒரே புகார்தான்.

"டீச்சர், இவ என்னை இடிச்சுக்கிட்டே இருக்கா!"

இடிப்பவள் இடது கையால் எழுதும் ஒரு வாயில்லாப்பூச்சி. அவள் நோட்டு முழுக்கக் கரி பூசினதுபோல் இருக்கும். அவளுடைய அம்மாவே வந்து, "கையை மாத்துங்க டீச்சர், வேணும்னா ரெண்டு போடுங்க. திங்கக்கிழமைக்குள்ள மாறலைன்னா நானே அந்தக் கையைக் கட்டிப் போடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டீச்சர் பிள்ளைகளை அடிக்கிறவர் இல்லை. சட்டென்று பதில் சொல்கிறவரும் இல்லை. மதியம் பிள்ளைகள் சாப்பிடப் போனதும், அந்தச் சின்னப் பெஞ்சில் சிறுமியின் இடத்தில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். இடது கையில் பென்சிலைப் பிடித்தார். இருபத்தாறு வருஷமாக ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவருக்குத் தன் பெயரே கோணல்மாணலாக வந்தது. எழுதிய எழுத்தின் மேலேயே கை நகர்ந்து அத்தனையையும் ஈஷியது. முழங்கை பக்கத்துப் பிள்ளையின் இடத்தில் போய் நின்றது.

மணி அடித்ததும் சிறுமியைப் பெஞ்சின் இடது ஓரத்துக்கு மாற்றி, நோட்டை வலப்பக்கம் சாய்த்து வைத்தார். பென்சிலைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பிடிக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை அம்மா வந்து நோட்டைப் புரட்டினாள். முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா டீச்சர், மாத்தினதும் எப்படி முத்துமுத்தா எழுதுறா!"

"மாத்தினது இடத்தைத்தாம்மா, கையை இல்ல. அவ கைமேல ஒரு தப்பும் இல்ல. இத்தனை நாள் அவளை இடிபடுற இடத்துல உட்கார வெச்சது நான்தான்."