செனற்றர் வாக்களிக்காத வியாழக்கிழமை

ஒரு மனிதர் எதற்கெல்லாம் எழுந்து நின்றார், எதற்கெல்லாம் எழும்பாமல் இருந்தார் என்று ஆறு கிழமையாக உட்கார்ந்து படித்தவன் நான். என் சொந்த அண்ணனைப் பற்றிக்கூட எனக்கு அவ்வளவு தெரியாது. அந்த மனிதர் கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில், மேல்சபையில் இருந்த ஒரு செனற்றர். மேல்சபைக்கு மக்கள் வாக்குப் போட்டு ஆளனுப்புவதில்லை. பிரதமர் பார்த்து நியமிப்பார், எழுபத்தைந்து வயது வரை இருக்கலாம். இதை எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவருக்கு விளங்கப்படுத்தியபோது, "அப்ப உது அரசாங்க உத்தியோகம் மாதிரித்தானே, பென்சனும் வருமோ?" என்று கேட்டார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் ஒரு பிளாசாவின் மாடியில், சேலைக்கடைக்கு மேலே, எங்கள் சங்கம் ஓர் அறை எடுத்திருந்தது. திறப்பு விழாவுக்குச் செனற்றர் வரச் சம்மதித்தார். பிரதம விருந்தினர் என்றால் பொன்னாடை வேண்டும். பொன்னாடை என்றால் கூடவே கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துமடலும் வேண்டும், அதை மேடையில் நின்று முழுக்க வாசிக்கவும் வேண்டும். ஊரில் இளைப்பாறிய அதிபர்மாருக்கும் மாற்றலாகிப் போன தபாலதிபருக்கும் பாட்டெழுதிக் கொடுத்தவன் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. உண்மையைச் சொன்னால், விழவில்லை. நானே தலையை நீட்டினேன்.

எனக்கு அவரிடம் ஒரு காரியம் இருந்தது. மனைவியும் நாலு வயது மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். என்னை அகதியாக ஏற்றுக்கொண்ட கனடா, நிரந்தர வதிவிடம் மட்டும் தரவில்லை. பாஸ்போர்ட்டைக் காட்டு என்றார்கள். நான் வந்த பாஸ்போர்ட்டை, காசு வாங்கி என்னைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் விமானத்திலேயே திருப்பி வாங்கிவிட்டான், அதில் இருந்ததும் என் பெயரல்ல. அடையாள அட்டை வீட்டோடு எரிந்துவிட்டது. வதிவிடம் இல்லாதவன் பெண்சாதி பிள்ளையைக் கூப்பிட முடியாது. நான் யார் என்று எனக்குத் தெரியும், என் மனைவிக்குத் தெரியும். அரசாங்கத்துக்குத் தெரியவில்லை.

அதனால் வேலைக்குப் போகுமுன் நான் குடியிருந்த மல்வேர்னிலிருந்து பஸ் பிடித்து நகர மத்தியில் உள்ள பெரிய நூலகத்துக்குப் போனேன். மேல்சபையில் பேசிய ஒவ்வொரு சொல்லும் அங்கே தடித்த தொகுதிகளாக இருந்தது. பேச்சு முடிந்ததும் வாக்கெடுப்பு, ஒவ்வொருவராக எழுந்து நின்று வாக்களிப்பார்கள். ஆம் என்றவர்கள், இல்லை என்றவர்கள், இரண்டுக்கும் நடுவே நின்றவர்கள் என்று மூன்று பட்டியல். வாழ்த்துமடலுக்கு ஒன்றிரண்டு நல்ல செய்தி பொறுக்கத்தான் போனேன். மனிதர் என்னை இழுத்துப் பிடித்துவிட்டார். பால் விலையைப் பற்றி ஒருநாள் முழுக்கப் பேசியிருந்தார். சின்னத் துறைமுகங்களை மூடக்கூடாது என்று பேசி, தன் கட்சிக்காரர் எல்லாரும் ஒரு பக்கம் எழும்ப, மற்றப் பக்கம் தனியே எழும்பியிருந்தார். பழைய பத்திரிகைகளையும் எடுத்து, வெளியில் பேசியதும் உள்ளே வாக்களித்ததும் பொருந்துகிறதா என்று ஒரு கொப்பியில் எழுதி ஒப்பிட்டேன். அனேகமாகப் பொருந்தியது. அரசாங்கம் போட்ட ஒரு வரியைப் பற்றி மட்டும் வெளியில் ஒன்று பேசி, உள்ளே வேறு மாதிரி எழும்பியிருந்தார். அன்று எனக்கு, ஏதோ சொந்தக்காரன் ஏமாற்றியது போல, கோபம் வந்தது. அகதிகளைப் பற்றி நாலைந்து இடத்தில் பேசியிருந்தார். எல்லாம் சுருக்கமான, நேரான பேச்சு. பாலையும் துறைமுகத்தையும் விட்டுவிட்டு அதை மட்டும் பன்னிரண்டு விருத்தமாகப் பாடினேன். "அகதியர் துயர் துடைக்கும் அண்ணலே" என்று தொடங்கும். இன்றைக்கு நினைத்தால் காது கூசுகிறது.

விழா ஒரு வைகாசி மாத வியாழக்கிழமை. வார இறுதியில் செனற்றருக்கு வசதியில்லை என்று அந்த நாளை வைத்தோம். மதியம் பன்னிரண்டரைக்கு றிபன் வெட்டுவது. செனற்றர் பத்து நிமிடம் முந்தி வந்தார். உயரமான, கொஞ்சம் கூனிய கிழவர். கூட ஓர் உதவியாளர் பெண் கைப்பெட்டியோடு வந்தாள். எங்கள் ஆட்கள் வந்து சேர ஒரு மணி தாண்டியது. பிறகு பார்த்தால் குத்துவிளக்கைக் காணவில்லை. அதை எடுக்கப் போன தலைவரின் கார் திரும்பி வரும்போது ஒன்று இருபத்தெட்டு. திரி போட்டு எண்ணெய் ஊற்றும்போதுதான் தலைவரின் மனைவி, நாங்கள் அன்ரி என்று கூப்பிடுகிறவர், சுவர்க் கலண்டரைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார்.

"நில்லுங்கோ. ராகுகாலம் துவங்கியிட்டுது. மூண்டு மணிக்குப் பிறகுதான் திறக்கலாம்."

பெரிய வாதம் நடந்தது. உது கொழும்புக் கலண்டர், ரொறன்ரோவுக்குப் பொருந்தாது என்றார் ஒருவர். கோடைக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள், அப்படிப் பார்த்தால் நாலு மணிவரை திறக்கக்கூடாது என்றார் இன்னொருவர். கடைசியில் கலண்டரில் உள்ளபடியே மூன்று மணி என்று முடிவானது. இதைச் செனற்றருக்கு எப்படிச் சொல்வது? நான்தான் மொழிபெயர்ப்பாளன். "நல்ல நேரம் வரக் கொஞ்சம் இருக்கிறது, ஐயா" என்றேன். எவ்வளவு என்று கேட்டார். "இப்ப முடிஞ்சிடும்" என்று நாங்கள் சொல்வதை அப்படியே இங்கிலிஷில் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தார்.

மற்றவர்கள் ராகுவை வைதார்கள். நான் உள்ளுக்குள் கும்பிட்டேன். ஒன்றரை மணித்தியாலம் ஒரு செனற்றர் என் பக்கத்தில்! வடையும் தேத்தண்ணியும் கொடுத்துவிட்டு என் கதையைத் தொடங்கினேன். ஏஜென்சிக்காரன், விமானம், எரிந்த வீடு, லொட்ஜ் அறை, மகள் தொலைபேசியில் எண்ணிக் காட்டும் இலக்கங்கள். அவர் இடையில் வெட்டவில்லை. ஒரேயொரு முறை, "உங்கள் கிராமத்தவர் இருவர், நீங்கள் இன்னார்தான் என்று சத்தியக்கடதாசி கொடுத்தால் போதும் என்று சட்டம் இருந்தால் உங்களால் கொடுக்க முடியுமா?" என்று கேட்டார். இரண்டென்ன, ஐம்பது பேரைக் கொண்டுவருவேன் என்றேன். தலையை ஆட்டினார். இரண்டரை மணியளவில் உதவியாளர் குனிந்து, "ஐந்தரைக்கு ஒட்டாவாவில் வாக்கெடுப்பு இருக்கிறது, விமானத்துக்கு நேரமாகிறது" என்றாள். எனக்கும் கேட்டது. நான் மகளின் படத்தை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் அவளிடம் கையால் பொறு என்று காட்டினார்.

மூன்று அடித்ததும் றிபன் வெட்டியாயிற்று. பொன்னாடை போர்த்தியாயிற்று. அவர் புறப்படத் திரும்பினார். தலைவர் என்னைப் பார்த்து, "மடல், மடல்" என்றார். நான் வாசித்தேன். பன்னிரண்டு விருத்தத்தையும் இராகத்தோடு வாசித்து, அவருக்கு விளங்கட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் இங்கிலிஷில் பொருளும் சொன்னேன். நாலைச் சொல்லி நிறுத்தியிருக்கலாம். அவர் பொன்னாடையோடு நின்று முழுக்கக் கேட்டார். பிறகு படியில் வேகமாக இறங்கிப் போனார். விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலையில் அந்த நேரத்துக்கு வாகனங்கள் எப்படி நிற்கும் என்று ரொறன்ரோவில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அடுத்த கிழமை செய்தி வந்தது. பாஸ்போர்ட் இல்லாத அகதிகள் சத்தியக்கடதாசி கொடுத்து வதிவிடம் பெறலாம் என்று ஒரு சட்டமூலத்தில் கொண்டுவந்த திருத்தம் மேல்சபையில் தோற்றுவிட்டதாம். அப்படியொரு திருத்தம் வருகிறது என்று எனக்குத் தெரியும். எந்த நாள் என்று தெரியாது. நான் படித்ததெல்லாம் பழைய தொகுதிகள். புதிய பக்கங்கள் நூலகத்துக்கு வர இன்னும் மூன்று கிழமை பிடித்தது.

ஆம் பட்டியலும் இல்லைப் பட்டியலும் சரிசமமாக இருந்தன. சரிசமம் என்றால் தோல்வி என்பது அந்தச் சபையின் விதி. செனற்றரின் பெயர் மூன்று பட்டியலிலும் இல்லை. மேலே தேதியைப் பார்த்தேன். எங்கள் வியாழக்கிழமை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று சொல்வார்கள். தாழியை உடைத்தவன் அதைப் பற்றி என்ன சொல்வான் என்று ஒரு பழமொழியும் இல்லை.

இன்னும் சில பக்கம் தள்ளி, அடுத்த அமர்வின் தொடக்கத்தில் அவர் எழுந்து பேசியிருந்தார். இங்கே இருந்திருந்தால் திருத்தத்துக்கு ஆம் என்று நின்றிருப்பேன், நேரத்தைப் பிழையாகக் கணித்தது என் தவறு, வேறு எவருடையதுமல்ல என்று. நாலு வரிதான். எங்கள் சங்கமோ ராகுகாலமோ வாழ்த்துமடலோ அதில் இல்லை. அந்த நாலு வரியையும் கொப்பியில் எழுதினேன்.

அதற்குள் சங்கத்தில் ஒரு துண்டுப்பிரசுரம் தயாராகியிருந்தது. யார் எங்களுக்காக வாக்களித்தார், யார் எதிர்த்தார் என்ற பட்டியல். கீழே பெரிய எழுத்தில், "பொன்னாடை வாங்கிவிட்டுக் கைவிட்டவர்" என்று செனற்றர். பட்டியல் சரியா என்று பார்க்க என்னிடம் தந்தார்கள், நான்தானே வாக்குகளைப் படித்தவன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் கூட்டத்திலேயே எழும்பினேன்.

"அந்த மனிசன் வாக்களிக்கப் போகத்தான் நிண்டது. நாங்கள்தான் மறிச்சு வைச்சனாங்கள்" என்றேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப எங்கடை பிழையெண்டு அச்சடிக்கச் சொல்லுறீரோ?"

"ஓம். கடைசிக் கால் மணித்தியாலம் என்ரை பிழை. என்ரை பெயரையும் போடுங்கோ."

ராகுகாலத்தில் திறந்திருந்தால் இதைவிட மோசமாக ஏதாவது நடந்திருக்கும் என்று அன்ரி மெல்லச் சொன்னார். இதைவிட மோசம் என்ன என்று நான் கேட்கவில்லை. துண்டுப்பிரசுரம் அச்சாகவில்லை, உண்மையும் அச்சாகவில்லை. செனற்றருக்கு மன்னிப்புக் கேட்டு நான் மட்டும் ஒரு கடிதம் போட்டேன். அடுத்த ஆண்டுவிழாவுக்கும் கூப்பிடுங்கள், காலையிலேயே வருகிறேன் என்று பதில் எழுதினார். சட்டம் தளர்ந்து எனக்கு வதிவிடம் கிடைத்தபோது மகளுக்கு எட்டு வயது நடந்தது.

ஆனால் எனக்கு அதிகம் வலிப்பது கூட்டமுமல்ல, கடிதமுமல்ல. கூட்டம் முடிந்த மறுநாள் காலை, கொழும்பில் மாலை நேரம், மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன். மறைக்கக்கூடாது என்று முழுவதையும் சொன்னேன். ராகுகாலம், என் கதை, உதவியாளர் சொன்ன ஐந்தரை மணி வாக்கெடுப்பு, பன்னிரண்டு விருத்தம், சரிசமமான பட்டியல். அவள் அழுவாள், அல்லது ஏசுவாள் என்று நினைத்தேன். ஏச்சு வாங்க ஆயத்தமாகவும் இருந்தேன்.

"எங்கடை கதையை அவர் முழுக்கக் கேட்டவரோ?" என்றாள்.

"ஓம். ஒண்டரை மணித்தியாலமும் கேட்டவர்."

"நீங்கள் அவரிட்டை, அண்டைக்கு என்ன வாக்கெடுப்பெண்டு ஒரு சொல்லுக் கேக்கேல்லையோ?"

"இல்லை" என்றேன்.