கடைசி வால்ட்ஸுக்கு வந்தவர்

போன கோடை விடுமுறையில், விம்பிள்டனில் ஒரு மண்டபத்தில் பழைய காலத்து ஐரோப்பிய ஜோடி நடனங்களை ஒரு கிழமை பழகினேன். என்னைத் தவிர அங்கே ஒரே ஒரு தமிழர்தான் இருந்தார். அறுபதைத் தாண்டிய, மெலிந்து நிமிர்ந்த மனிதர். நடனம் முடிந்ததும், கூட ஆடிய பெண்ணைக் குனிந்து வணங்கி, அவளுடைய கதிரைவரை கூட்டிக்கொண்டுபோய் விடுவார். ஆசிரியை சொல்லித்தந்த அந்த மரியாதையை மற்றவர்கள் இரண்டொரு நாளிலேயே கைவிட்டிருந்தார்கள்.

"உங்கடை மனிசியும் வந்திருக்கலாமே, அண்ணை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கேட்டனான். இந்த வயதிலை என்ன ஆட்டம் எண்டிட்டாள். அதோடை விட்டிட்டன்."

கடைசி நாள் மாலை, வாத்தியக்காரர்கள் வாசிக்க, எல்லோரும் அந்தக் காலத்து உடுப்புகளில் ஆடினோம். கடைசி வால்ட்ஸை அவர் என்னோடு ஆடினார். இசை நின்றதும் திரும்பியபோதுதான் வாசலில் நின்ற மனைவியைக் கண்டார். பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து வந்திருந்தார் அந்த அம்மா.

"வாறன் எண்டு சொல்லியிருக்கலாமே?" என்றார் இவர்.

"நீங்கள் இன்னொருக்கா கேப்பியள் எண்டு கிழமை முழுக்கப் பாத்துக்கொண்டிருந்தனான்."

அவர் வாத்தியக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் வயலின்களைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள்.

"அடுத்த வருசம் ரெண்டு பேரும் வருவம், என்ன?"

"பாப்பம்" என்றார் அந்த அம்மா.

இந்தக் கோடையிலும் போனேன். இருவரையும் காணவில்லை. வீட்டுக்குள்ளேயே ஆடிப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கத்தான் விருப்பம். ஆனால் அந்தப் "பாப்பம்" என்னை அப்படி நினைக்க விடுவதில்லை.