ஈசாத்தின் மூன்று பட்டைகள்

ஒரு கோப்பைக் காபியை ஈசாத் உட்கார்ந்தபடி குடித்து முடித்ததை அவன் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. முதல் வாய்க்கு மேசை, இரண்டாவதுக்கு ஜன்னல், மிச்சம் வாசலில். சிறுவயதில் பனி சூழ்ந்த வடகோடி ஊரான கௌதொகேய்னோவில் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். முதல் குளிர்காலத்திலேயே பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு அப்பாவின் பனிமான் மந்தையைத் தேடிப் போய்விட்டான். வளர்ந்தபின் கடற்கரையில் மீன் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்தவன் மந்தையில்தான் வந்து நின்றான். அதற்குப் பிறகு பனிமான்களை விட்டு அவன் எங்கும் போகவில்லை. அவை நடந்தால் இவனும் நடப்பான். அவை படுத்தால்தான் படுப்பான்.

அப்படிப்பட்டவன் ஐம்பது வயதுக்கு மேல் இடுப்பில் நூலைக் கட்டிக்கொண்டு சமையலறையில் உட்கார வேண்டிவந்தது.

மகள் சுன்னாவுக்கு ஈஸ்டர் வாரத்தில் கல்யாணம். மணப்பெண் மான்தோல் காலணிக்கு மேல் கணுக்காலில் சுற்றிக் கட்டும் பட்டைகள் பிறந்த வீட்டில், அந்த வீட்டுக் கோலத்தில் நெய்தவையாக இருக்க வேண்டும். தேவாலயத்தில் பெண்களின் கண் முதலில் போவது அங்கேதான். அவன் மனைவி காரென் பட்டைக்கு நீள இழைகளைக் கட்டிப் பாவு ஓட்டி முடித்த அன்றே, விறகெடுக்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு அவரவர் வீட்டு ஈஸ்டர் உடுப்பே முடிந்தபாடில்லை. சுன்னா தெற்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் வருவாள்.

"நான் சொல்றேன், நீ நெய்யி," என்றாள் காரென்.

"நானா? எனக்கு இதுல என்ன தெரியும்?"

"பலகையைச் செஞ்சது யாரு?"

செய்தது அவன்தான். கல்யாணத்துக்கு முன் அவளுக்கென்று பனிமான் கொம்பில் சீவிய பலகை, உள்ளங்கை அகலம். ஒரு துளை, ஒரு பிளவு, மறுபடி ஒரு துளை என்று போகும். துளையில் ஓர் இழை, பிளவில் ஓர் இழை. பலகையைத் தூக்கினால் பாவு ஒரு பக்கம் வாய் திறக்கும், தாழ்த்தினால் மறுபக்கம். அந்த வாய்க்குள் குறுக்கு நூலான ஊடையை விட்டு, மரக்கத்தியால் அடித்து இறுக்க வேண்டும். செய்து கொடுத்தானே தவிர, அதன் பின்னால் அவன் உட்கார்ந்ததே இல்லை.

பாவின் ஒரு முனையைக் கதவுப் பிடியிலும் மறுமுனையைத் தன் பெல்ட்டிலும் கட்டிக்கொண்டு ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்திலேயே முகம் சுளித்தான்.

"இந்த ஓட்டை நூலைப் பிடிச்சுப் பிடிச்சு இழுக்குதே."

"உன் கல்யாணப் பரிசாச்சே. வந்த நாள்லேருந்து பிடிச்சுக்கிட்டுதான் இருக்கு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எப்போ உட்கார்ந்தே, சொல்றதுக்கு?"

எழுந்து போய் அரம் கொண்டுவந்து துளையைத் தேய்த்தான். அவனுக்குப் பிடித்த வேலை அன்று அது ஒன்றுதான்.

இந்த நெசவில் தறிக்குச் சட்டம் கிடையாது. நெய்பவனின் உடம்புதான் சட்டம். பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கும், முன்னால் குனிந்தால் தொய்யும். தொய்ந்த இடத்தில் பட்டை அகலும், விறைத்த இடத்தில் ஒடுங்கும். ஈசாத்தோ வெளியே பனி ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் திரும்புவான், வானம் இருண்டால் எட்டிப் பார்ப்பான். சாயங்காலம் காரென் பட்டையின் ஓரத்தில் விரலை ஓட்டினாள்.

"இங்க போன் அடிச்சுது. இங்க நாய் குரைச்சுது. இந்தா, இந்த இடத்துல காபி குடிக்க எழுந்திருக்கே, இடுப்புல கட்டியிருக்குங்கிறதையே மறந்துட்டு."

ஒன்றுகூடத் தப்பவில்லை.

முதல் பட்டை வளைந்து நெளிந்து முடிந்தது. அடுத்ததை ஆரம்பித்தபோது பனிப்புயல் பிடித்துக்கொண்டது. பாதை மூடிவிட்டது. மான்கள் காற்றுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருக்கும், இப்போது போயும் பயனில்லை. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தான். கைக்கு வேலை பிடிபட்டது. சிவப்பு இழைகளைக் கோலத்துக்குத் தூக்கும்போது மூச்சுக்கூடச் சீராக வந்தது. இரண்டாவது பட்டை கோடு கிழித்ததுபோல நேராக இறங்கியது. அறுத்தெடுத்து முதல் பட்டையின் பக்கத்தில் பெருமையோடு வைத்தான்.

காரென் பார்த்தாள். இரண்டின் ஓரத்தையும் ஒரு கையால் ஒட்டிவைத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள், "தப்பு என்னோடது. புதுசா கத்துக்கிறவங்களுக்கு நாங்க ஜோடிப் பட்டை கொடுக்கவே மாட்டோம். இடுப்புப் பட்டைதான் கொடுப்போம், ஒத்தையா. கை தேறிட்டா ஜோடி சேராதுல்ல. அவசரத்துல மறந்துட்டேன்."

ஒன்று அகன்றும் ஒடுங்கியும் நெளிந்தது, மற்றது நேர்கோடு. ஒரே பெண்ணின் இரண்டு கால்களுக்கு அவை ஆகாது.

"இன்னொண்ணு நெய்யறேன், இந்த நல்லதுக்கு ஜோடியா," என்றான். இருவரும் மூன்று கையால் புதுப் பாவு ஓட்டி முடிக்கும்போது தம்பி லெமெத் போன் செய்தான்.

"அண்ணே, வெயில் வந்திருச்சு. சினை மானெல்லாம் இப்பவே வடக்கால கிளம்பப் பாக்குது. நான் ஒத்த ஆளு. வர்றியா, இல்ல பூத்தையல் இன்னும் முடியலையா?"

ஈசாத் பாவைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். மந்தை சிதறினால் வருஷம் போச்சு. பட்டை இல்லாவிட்டால் மகள் யார் வீட்டுப் பட்டையையோ கட்டிக்கொண்டு நிற்பாள். பாவைச் சுருட்டிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினான்.

மேட்டில் ஒரு பூர்ச்ச மரத்தில் முனையைக் கட்டி, மான்தோலை விரித்து உட்கார்ந்தான். நெய்துகொண்டே மந்தையையும் பார்த்தான். தலைமான் ஒன்று நகர்ந்ததும் துள்ளி எழுந்தான். பாவு வெடுக்கென்று இழுத்து அவனை உட்காரவைத்தது. அவிழ்ப்பான், ஓடுவான், மறித்துத் திருப்புவான், வந்து மறுபடி கட்டிக்கொள்வான்.

லெமெத் உலர்ந்த இறைச்சியை மென்றபடி சொன்னான், "நாம மானைத்தான் மரத்துல கட்டுவோம். அண்ணி புத்திசாலி, உன்னைக் கட்டிப் போட்டுட்டாங்க."

"வாயை மூடிக்கிட்டு அந்தப் பக்கம் போய் மறி."

மந்தை நின்றது. பட்டையும் முடிந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் ஈசாத் வீட்டுக்கு வந்தபோது சுன்னா மேசையருகே இருந்தாள். காரென் மூன்றாவது பட்டையை வாங்கி, அந்த நல்ல பட்டையோடு சேர்த்து வைத்தாள். சேரவில்லை. அகலமும் ஒடுக்கமுமாக அலையடித்துக் கிடந்தது.

ஈசாத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அப்பா, இங்க பாருங்க," என்றாள் சுன்னா. அவள் மூன்றாவதை எடுத்து முதல் பட்டையின் மேல் போட்டிருந்தாள். அகன்ற இடங்கள் அப்படியே பொருந்தவில்லை. ஆனாலும் அதே நெளிவு, அதே வேகம். ஒரே கை நெய்த ஜோடிதான் என்று யாரும் சொல்வார்கள்.

காரென் ஓரத்தில் விரலை ஓட்டினாள். "இது காத்து. இது லெமெத் வம்பிழுத்தது. இங்க மான் ஓடியிருக்கு."

"சினை மானு," என்றான் ஈசாத்.

சுன்னா குனிந்து பட்டைகளைக் கணுக்காலில் சுற்றி, குஞ்சத்தைச் செருகினாள். "இதுதான் எனக்கு. தேவாலயத்துல நான் சொல்றதுக்கு முன்னாடியே எங்கப்பா நெய்ததுன்னு தெரிஞ்சிடும்."

ஈசாத் காபியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். பாதி வழியில் நின்று, மேசையில் தனியாகக் கிடந்த அந்த நேரான பட்டையைத் திரும்பிப் பார்த்தான்.

"காரென், இதுக்கு ஜோடி நெய்ய நூல் மிச்சம் இருக்கா?"

"உட்காருவியா?"

"புயல் வரட்டும்," என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.