ஆறு மணிக்கு ஒரு சாக்கு

எங்கள் தையல் கூடத்தில் முன்பெல்லாம் ஆறு மணி ஆனால் இரண்டு கட்சி. பிள்ளை பெற்றவர்கள் ஒரு கட்சி. மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து போவார்கள். பெறாதவர்கள் இன்னொரு கட்சி. அவர்கள் இருந்து வேலையை முடிப்பார்கள். நான் இரண்டாவது கட்சி. அயர்ன் போடுகிறவள். கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை, ஆகவே கிளம்பிப்போக ஒரு சாக்கும் இல்லை. முதலாளி ஜிபார் அக்கா மேல்மாடியில் குழந்தைகள் அறை திறந்த பிறகு இந்தக் கட்சி வித்தியாசமெல்லாம் போய்விட்டது. இப்போது எல்லாரும் இருக்கிறோம்.

அனார்குல் அந்த முதல் கட்சியில் இருந்தவள். நாரின் பக்கத்து மலைக்காரி, இருபத்தாறு வயது. பேச்சு குறைவு, கை மட்டும் வேகம். புருஷன் தாலாய் ரஷ்யாவில் லாரி ஓட்டுகிறான். தலைநகர் பிஷ்கேக்கின் ஓரத்தில், மண் ரோடு போட்ட புதுக் குடியிருப்பில் ஒற்றை அறை எடுத்து இருந்தாள். மகள் தூமார் தவழத் தொடங்குமுன்பே வேலைக்கு வந்துவிட்டாள். குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொண்டாள். அவளுக்குப் பொல்லாத வாய். கொஞ்சம் தாமதமானாலும் தெருவுக்கே கேட்கும்படி திட்டுவாள். அந்தத் திட்டை எங்களுக்கு நடித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டே அனார்குல் ஆறு மணிக்குப் பையை எடுத்துவிடுவாள். போய்க் குழந்தையைக் குளிப்பாட்டி, அடுப்பு மூட்டி, மடியில் வைத்து ஊட்டி, பேசி விளையாடித் தூங்கவைப்பாள். அந்த வாயாடி செய்த உபகாரம் எங்களுக்கு அப்போது தெரியவில்லை.

ஜிபார் அக்காவை நான் கெட்டவள் என்று சொல்லமாட்டேன். கெட்டவளாக இருந்திருந்தால் எங்கள் பாடு எவ்வளவோ சுலபம். அவள் ஒரே ஒரு மிஷினோடு ஆரம்பித்தவள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் தன் மகனை இடுப்பில் கயிறு கட்டி மிஷின் காலில் முடிந்துவைத்துத் தைத்தாளாம். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவள் கண் கலங்கும். "என் புள்ள பட்டது எந்தப் புள்ளையும் படக்கூடாது" என்று சொல்லித்தான் அந்த அறையைக் கட்டினாள். தரையெல்லாம் கம்பளம், ஜன்னலுக்கு வலை, வேளைக்குச் சூடாகச் சூப்பு, வாரம் ஒரு டாக்டர். பார்த்துக்கொள்ள பாத்மா என்ற தங்கமான பொம்பளை. எங்களிடம் ஒரு சோம் காசுகூட வாங்கவில்லை. அனார்குல் முதல் நாள் குழந்தையைக் கொண்டுவந்து விட்டபோது, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அப்புறம்தான் ஆறு மணி வந்தது. அனார்குல் பையை எடுத்தாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்றாள் ஜிபார் அக்கா.

"வீட்டுக்கு, அக்கா. புள்ளைய..."

"புள்ள மேல கம்பளத்துல உருண்டுகிட்டு இருக்கா. இப்பதான் பாத்துட்டு வரேன். இந்தத் துணிக் கட்ட முடிச்சுட்டுப் போயேன்."

அனார்குல் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அந்தக் கட்டுக்குப் பிறகு இன்னொரு கட்டு வந்தது. மேலே பாத்மா விளக்கை அணைக்கிறவரை கீழே மிஷின் ஓடலாம் என்பது யாரும் சொல்லாமலே சட்டமாகிவிட்டது.

பிள்ளை வளர்ப்புக்கு ஆலோசனை சொல்லவும் அக்கா ஒரு ஏற்பாடு செய்தாள். சனிக்கிழமை வேலை முடிந்ததும் படித்த பெண் ஒருத்தி வந்து பேசுவாள். தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசி விளையாடுங்கள் என்றாள். காலர் தைக்கும் பெண் ஒருத்தி, "தூங்குற புள்ளையோட எப்படிம்மா வெளையாடறது?" என்று கேட்டாள். நாங்கள் சிரித்தோம். அந்தப் பெண்ணும் பாவம், சிரித்தாள். அந்தப் பேச்சைக் கேட்டதில் அன்றைக்கு வீட்டுக்குப் போக இன்னும் ஒரு மணி நேரம் பிந்தியது.

பள்ளிச் சீருடை சீசன் சூடுபிடித்த நேரம். ஒரு நாள் பிற்பகலில் கரண்ட் போய்விட்டது. எல்லா மிஷினும் ஒரே மூச்சில் நின்றன. எங்களுக்கு மேல்மாடிச் சத்தம் கேட்பதே அப்போதுதான். பெரிய பிள்ளைகள் ஓடுகிற சத்தம் ஒரு மூலைக்குப் போய் அடங்கியது. பிறகு எங்கள் தலைக்கு நேர் மேலே தப், தப் என்று இரண்டு சத்தம். சற்று நின்றது. மறுபடி தப். அப்புறம் தொப்பென்று உட்காரும் சத்தமும் பாத்மாவின் சிரிப்பும்.

மேலே நடக்காத பிள்ளை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது தூமார். நாங்கள் எல்லாரும் அனார்குலைப் பார்த்தோம். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற யாராவது இருக்கும்" என்றாள்.

"போய்ப் பாரு, போ" என்று நான் அவளைத் தள்ளினேன். அவளும் எழுந்தாள். ஜிபார் அக்கா படியோரம் நின்று அவள் தோளில் கைவைத்தாள். தடுக்கிற கை இல்லை அது, தடவிக்கொடுக்கிற கை.

"வேணாண்டா கண்ணு. ஒன்னப் பாத்துட்டு நீ எறங்கினா மூச்சு முட்ட அழுவா. பாத்மாவால சமாளிக்க முடியாது. வேலை முடிஞ்சு பாத்துக்கலாம்."

அவள் சொன்னது நியாயம்தான். எனக்கு அந்த நியாயத்தைக் கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வந்தது. கரண்ட் வந்தது, மிஷின்கள் ஓடின, சத்தம் அதற்குள் மூழ்கிப்போனது. அன்று ராத்திரி குழந்தையைக் கொடுக்கும்போது பாத்மா, "இன்னைக்கோ நாளைக்கோ நடந்துருவா போல, வீட்ல பாத்துக்கிட்டே இரு" என்றாள். பிள்ளை மேலேயே நடந்துவிட்டாலும் அவள் எல்லாத் தாய்க்கும் அப்படித்தான் சொல்வாள். அனார்குலும், "அப்படியா" என்று கேட்டுக்கொண்டாள்.

நடக்கத் தொடங்கிய பிள்ளைக்குக் கால்கட்டு வெட்டாமல் விடமுடியுமா? எங்கள் வழக்கப்படி கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலால் காலிரண்டையும் கட்டி நிறுத்துவோம். தூரத்திலிருந்து பந்தயமாக ஓடிவந்து முந்துகிறவர் கத்தியால் அதை வெட்டி, பிள்ளையைக் கைபிடித்து நடத்தவேண்டும். வெட்டியவர் குணம் பிள்ளைக்கு வரும். அனார்குலுக்கு விருந்து போட வசதி இல்லை என்று தெரிந்து, ஜிபார் அக்கா கூடத்து முற்றத்திலேயே ஆடு அறுத்து, பிலாவ் சோறும் எண்ணெயில் பொரித்த பூர்சோக்கும் செய்ய ஏற்பாடு பண்ணினாள்.

அன்று காலை அனார்குல் என்னை அயர்ன் மேஜைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"உல்ஜான் அக்கா, இன்னைக்குக் கேக்கப்போறேன். ஆறு மணிக்கு விட்ருங்கன்னு. சம்பளம் கொறைச்சாலும் பரவால்ல. இன்னைக்கு நாள்ல மாட்டேன்னு சொல்லமாட்டாங்க இல்ல?"

"சொல்லமாட்டா. தைரியமாக் கேளு."

"இன்னொண்ணு. நீங்க நல்லா ஓடுவீங்க. முந்திடாதீங்க. அவங்களே வெட்டட்டும்."

"ஏண்டி, அவ தயவு இன்னும் பத்தலையா ஒனக்கு?"

"தயவுக்கு இல்லக்கா. தூமார் அவங்க மாதிரி ஆகணும். என்ன மாதிரி ஆயிடக்கூடாது."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. 

அந்த ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். சாப்பிட்டு முடிந்ததும் கேட்டருகே பதினைந்து பெண்கள் நின்றோம். கடைசி நேரத்தில் ஜிபார் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, "நானும் வரேன்" என்று வந்து சேர்ந்தாள். அறுபதை நெருங்கும் உடம்பு, பத்தடி போவதற்குள் இரைக்கிறது. நாங்கள் பதினைந்து பேரும் கையை வீசு வீசென்று வீசிக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஓடினோம். பொத்தான் வைக்கும் பெண்ணொருத்தி வேண்டுமென்றே விழுந்தாள். அவளைத் தூக்குகிற சாக்கில் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். அக்கா மட்டும் உண்மையாக ஓடினாள். ஓடிப்போய்க் கத்தியை எடுத்து நூலை வெட்டியபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் பொய்யில்லை. தூமாரின் கையைப் பிடித்து நடத்தி, அனார்குலிடம் கொண்டுவந்து விட்டாள். குழந்தை தாயின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. அனார்குல் குனிந்து அந்தக் கால்களையே பார்த்தாள்.

"என்ன வேணும், கேளு அனார். இன்னைக்கு நீ என்ன கேட்டாலும் தரேன்" என்றாள் அக்கா, இரைக்க இரைக்க.

பின்னாலேயே வந்து சேர்ந்த நான் அனார்குலின் முதுகில் ஒரு விரலால் குத்தினேன்.

"ஆறு மணிக்கு வீட்டுக்கு விட்ருங்க, அக்கா."

 அக்காவுக்குக் கோபம் வரவில்லை. புரியாமல்தான் பார்த்தாள்.

"ஏன், இங்க புள்ளைக்கு ஏதாவது கொறையா?"

"கொறை ஒண்ணும் இல்லக்கா."

"பாத்மா சரியாப் பாத்துக்கலையா?"

"ஐயோ, என்ன விட நல்லாப் பாத்துக்கறாங்க."

"அந்த ஒத்த ரூம்ல என்ன இருக்கு? தண்ணிகூடத் தெருவுலருந்துதான் தூக்கிட்டு வர. இங்க சுடுதண்ணி இருக்கு, சோறு இருக்கு, டாக்டர் இருக்கு. வீட்டுக்குப் போயி என்னதான் செய்வ?"

அனார்குல் வாயைத் திறந்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன் என்று எப்படிச் சொல்வது? பாதி ஆட்டை விழுங்கிவிட்டு நின்ற எங்கள் யாருக்கும்கூட வாய் வரவில்லை.

"ஒண்ணும் இல்லக்கா. சும்மா கேட்டேன்."

ஜிபார் அக்கா அவளைக் கட்டி அணைத்துக்கொண்டாள். "பயந்துட்டியா பைத்தியமே, நடக்கற புள்ளைய எப்படி மேய்க்கறதுன்னு? நான் இருக்கேன். இன்னொரு ஆளைப் போடறேன். சீசன் முடியறவரைக்கும் மேல ரூம் ராத்திரி பத்து வரைக்கும் தொறந்திருக்கும். ஞாயித்துக்கிழமையும்தான்."

முதலில் யார் கைதட்டினார்களோ தெரியவில்லை. பிறகு எல்லாரும் தட்டினோம். அனார்குலும் தட்டினாள். வெட்டியவருக்குத் தரவேண்டிய பரிசாகத் தன் காசில் வாங்கி வைத்திருந்த பட்டுத் துண்டை எடுத்து அக்காவின் தோளில் போட்டாள்.

சீசன் இன்னும் முடியவில்லை. தேய்த்த கட்டுகளை மேல்மாடி ஸ்டோரில் வைக்கப் போகும்போதெல்லாம் நான் தூமாரைப் பார்க்கிறேன். ஓடுகிறாள், ஏறுகிறாள், பாத்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிறாள். ராத்திரி பாத்மா அவளைத் தூங்கத் தூங்கத் தூக்கிவந்து அனார்குலின் தோளில் போடுகிறாள். காலையில் முதல் மினிபஸ்ஸில் தூங்கத் தூங்கவே தூக்கிவந்து அனார்குல் அவளைப் பாத்மாவிடம் கொடுக்கிறாள். அந்தப் பிள்ளை நடந்து அனார்குல் பார்த்தது விருந்தன்று மட்டும்தான்.