அண்ணன் கொண்டுவந்த கட்டிங் மிஷின்

என் அண்ணனுக்கு ஒரு கொள்கை உண்டு. மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் எல்லாம் பெண்கள் பார்க்கிற மோட்டார். மரம் அறுக்கிற மிஷின் ஆண்கள் பார்க்கிற மோட்டார். அவன் தச்சன். தங்கச்சி நான் கடைத்தெருவில் மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அவனுடைய கட்டிங் மிஷின் மக்கர் செய்தால், என் கடையைத் தாண்டி பஸ் ஏறி தஞ்சாவூருக்குத்தான் போகும். போகிற போக்கில் "என்ன மிக்ஸி டாக்டர், சௌக்கியமா?" என்று ஒரு குரல் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மிக்ஸிக்குள்ளும் அந்த மிஷினுக்குள்ளும் இருப்பது ஒரே வகை மோட்டார்தான். ஒரு தடவையாவது அதை என் மேசைமேல் பிரித்துப் போட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. சொன்னால் கேட்கிற ஆளா அவன்?

போன ஆவணியில் ஒரு மத்தியானம், ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லைச் சுற்றிச் சுற்றி வண்டி ஓட்டிக்கொண்டு வந்தான். மிஷினை ஒரு சாக்கில் மறைத்து வைத்திருந்தான்.

"ஆர்மேச்சர் போச்சு. தஞ்சாவூர்க் கடைக்காரரு வீட்டுல கல்யாணம், கடை பூட்டியிருக்கு. நாளைக்குக் காலைல ஒரு வீட்டுக்கு நிலை வைக்கணும். இன்னும் மரமே அறுக்கல. சும்மா பாரு, முடியலைன்னா விட்டுடு."

சும்மாவாவது பார்ப்பதாவது. பிளக்கில் மாட்டாமலே பிளேடைக் கையால் சுற்றினேன். வழுக்கிக்கொண்டு சுற்றியது, பேரிங்கில் குறையில்லை. பல்பு கோத்த ஒயர் வழியாக மிஷினுக்குக் கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். பல்பு எரியவில்லை, பிளேடைச் சுற்றும்போது மட்டும் கண்சிமிட்டியது. சுற்றுகிற பாகத்தை உரசிக் கரண்ட் கொடுக்கிற கார்பன் கட்டையில்தான் கோளாறு என்று தெரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் மூடியைத் திருகிக் கழற்றினேன். ஒரு பக்கத்துக் கார்பன் ஸ்பிரிங்கோடு துள்ளி வந்தது. மறுபக்கம் அசையவே இல்லை. ஊசியால் நெம்பினால், புட்டு மாவு மாதிரி கறுப்பாக ஏதோ உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தேன்.

"அண்ணே, இதுல எண்ணெய் விட்டியா?"

"கரகரன்னு சத்தம் வந்துச்சு. ரெண்டு சொட்டு விட்டேன்."

"என்ன எண்ணெய்?"

"தேங்காய் எண்ணெய்தான். அதுல என்ன தப்பு?"

தலைக்குத் தேய்க்கிற எண்ணெயும் மரத்தூளும் சேர்ந்து கார்பனை உள்ளேயே ஒட்டிவிட்டன. மோட்டாருக்குள் சுற்றுகிற கம்பிச் சுருளான ஆர்மேச்சருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அண்ணன் திரும்பி ரோட்டைப் பார்த்துக்கொண்டான்.

பழைய பல் பிரஷ்ஷால் பெட்ரோல் தொட்டுச் சுத்தம் செய்தேன். கார்பன் உரசும் செம்பு வளையத்தை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தேன். இந்த மிஷினுக்குப் புதுக் கார்பன் என்னிடம் கிடையாது. மிக்ஸிக் கார்பனையே உப்புத்தாளில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தேன். பெட்ரோல் வாடை முழுதும் போகிறவரை ஓட்டக் கூடாது என்று அவனை டீ குடிக்க விரட்டினேன். பிறகு ஓடவிட்டால், வண்டு மாதிரி சீராக ஓடியது.

ஆனால் சும்மா ஓடுவது வேறு, மரத்தில் ஓடுவது வேறு. நம்பிக்கை இல்லாமல் நானும் அவன் வண்டியில் ஏறிப் பட்டறைக்குப் போனேன். நிலைக்கான தேக்கு மரம் பென்சில் கோடு போட்டுக் கிடந்தது. நிலை வைக்கப் போகிற வீட்டுக்காரர் முகம் வாடி நின்றிருந்தார்.

"துண்டு மரத்துல அறுத்துப் பாப்போம்ணே. பாதில நின்னா தேக்கு கெட்டுடும். வேற மரம் இருக்கா?"

"இல்ல. துண்டு மரம் எதுக்கு? நீதான் பாத்துட்டேல்ல" என்று சொல்லி, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, மிஷினை நேராகத் தேக்கில் வைத்துவிட்டான்.

நான் பிளக் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். பாதி தூரத்தில் சத்தம் கொஞ்சம் இறங்கியது, உடனே ஏறிக்கொண்டது. மரம் கோட்டோடு கோடாக அறுந்து விழுந்தது.

வீட்டுக்காரருக்கு இப்போதுதான் பேச்சு வந்தது. "தஞ்சாவூர் போயிட்டு வந்துட்டீங்களா?"

"தஞ்சாவூர் எதுக்குங்க? மோட்டாருக்கு என் தங்கச்சி இருக்கு" என்றான், என்னைப் பார்க்காமலே.

அடுத்த மரத்தின் முனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். பிடித்துக்கொண்டேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்ததில் மரமும் சேர்ந்து ஆடியது. ஆடாமல் பிடி என்று திட்டினான்.